தூசணம் பிடிபடும், துரோகி தப்பிவிடும்: வன்னிப் பிள்ளைகளும் விளையாட்டுச் செயலிகளின் சொல்வடிகட்டிகளும்

தனுஷன், தனுஷா, அனுஷா, அனுசியா. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு பாடசாலையின் இடாப்பைப் புரட்டினால் இந்தப் பெயர்களில் ஒன்றாவது கண்ணில் படும். தமிழில் ஒரு குறையும் இல்லாத பெயர்கள். ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். நான்கிலும் ‘ஏ, என், யூ, எஸ்’ என்ற நான்கு எழுத்துகள் அடுத்தடுத்து வரும். அவை சேர்ந்தால் ஆங்கிலத்தில் குதத்தைக் குறிக்கும் சொல். துஷிதா, ரக்‌ஷிதா, ஹர்ஷிதா ஆகிய பெயர்களுக்குள் மலத்தைக் குறிக்கும் ஆங்கிலக் கொச்சைச் சொல் இருக்கிறது. மலையகத்து டிக்கோயாவின் முதல் நான்கு எழுத்துகள் ஆணுறுப்பைக் குறிக்கும் கொச்சை. சிலர் இரண்டு ‘எல்’ போட்டு எழுதும் கிளிநொச்சி ‘கொல்’ என்ற சொல்லோடு தொடங்குகிறது.

பெயரை வைத்த பெற்றோருக்கு இது தேவையில்லாத ஆராய்ச்சி. ஆனால் அந்தப் பிள்ளை கைத்தொலைபேசியில் ஒரு விளையாட்டைத் தரவிறக்கி, தன் பெயரில் கணக்குத் திறக்க முனையும்போது அந்த நான்கு எழுத்துகளைத்தான் இயந்திரம் முதலில் பார்க்கிறது. எழுத்துக் கோவையை மட்டும் தேடும் எந்த வடிகட்டிக்கும் தனுஷன் ஒரு தூசணம். இடைவெளிகளை வைத்து முழுச் சொல்லாக இருந்தால் மட்டும் தடுக்கும் நுட்பம் இருக்கிறதுதான். ஆனால் விளையாட்டுக் கணக்கின் பெயர்கள் பெரும்பாலும் இடைவெளியே இல்லாமல், எண்களும் குறிகளும் சேர்த்து எழுதப்படுபவை. அங்கே அந்த நுட்பம் கைகொடுப்பதில்லை.

இந்தச் சிக்கலுக்கு வயது முப்பதைத் தொடுகிறது. 1996ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் என்ற நகரத்தில் இருந்தவர்களால் அமெரிக்கா ஒன்லைன் நிறுவனத்தில் கணக்குத் திறக்க முடியவில்லை. ஊரின் பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தை இருப்பதாக நிறுவனத்தின் வடிகட்டி முடிவு செய்திருந்தது. அன்று முதல் கணினித் துறையில் இந்தத் தவறுக்கே ‘ஸ்கன்தோர்ப் பிரச்சினை’ என்று பெயர். ஸ்கன்தோர்ப் ஆங்கிலம் பேசும் ஊர். அவர்களது முறைப்பாடு செய்தியானது, நிறுவனமும் பதில் சொல்லியாக வேண்டி வந்தது. புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு தனுஷன் முறையிட்டால் அதை யார் வாசிப்பார்கள், எந்த மொழியில் வாசிப்பார்கள் என்பதில்தான் எங்களது கதை வேறாகிறது.

போருக்குப் பின் வந்த மைதானம்

போர் முடியும்வரை வன்னியின் பெரும்பகுதிக்குக் கைத்தொலைபேசிச் சேவை எட்டவில்லை. செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. மீள்குடியேறிய கிராமங்களுக்குக் கோபுரங்களும் தொடர்பும் வந்த பிறகு, வன்னியில் வளர்ந்த முதல் தலைமுறை இன்றைய பதின்ம வயதினர். 2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, படிப்புக்கென்று பல வீடுகளில் கடன்பட்டேனும் ஒரு ஸ்மார்ட் போன் வாங்கினார்கள். பாடம் முடிந்த பிறகும் போன் கையில் இருந்தது. பப்ஜியும் பிரீ பயரும் இந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கமான மைதானங்களாயின.

இந்த விளையாட்டுகள் தனியாக ஆடுபவை அல்ல. நான்கு பேர் ஒரு அணியாகச் சேர்ந்து, ஒலிவாங்கியில் பேசிக்கொண்டே ஆடுவது அவற்றின் சுவை. நண்பர்கள் இணையாத வேளையில் செயலியே முகம் தெரியாத மூவரைச் சேர்த்துவிடும். நெடுங்கேணிப் பையன் ஒருவனின் அணியில் கொழும்பு, குருநாகல், தமிழ்நாடு, மலேசியா என்று எங்கிருந்தும் ஆட்கள் வரலாம். முன்பின் தெரியாதவர்கள், தோல்வியின் சூட்டில், முகத்தைக் காட்டாமல் பேசிக்கொள்ளும் இடம் அது. அங்கே வசை பிறப்பதில் வியப்பில்லை. ஆனால் எந்த வசை தடுக்கப்படுகிறது, எது தடுக்கப்படுவதில்லை என்பதை யாரோ ஒருவர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறார். அந்த முடிவு எடுக்கப்பட்ட அறையில் தமிழ் தெரிந்தவர் இருந்தாரா என்ற கேள்வியை நாங்கள் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை.

எழுத்தைவிடக் குரலில் நிலைமை மோசம். ரயட் கேம்ஸ் நிறுவனம் ‘வலொரன்ட்’ விளையாட்டின் குரல் உரையாடல்களை மதிப்பிடும் முறையை உருவாக்க 2022 ஜூலையில் பதிவுகளைச் சேகரிக்கத் தொடங்கியது. வட அமெரிக்காவில், ஆங்கிலத்தில். அக்டிவிஷன் நிறுவனம் ‘கோல் ஒப் டியூட்டி’யில் குரலைக் கேட்டு வசையைக் கண்டுபிடிக்கும் ‘டொக்ஸ்மொட்’ என்ற நுட்பத்தை 2023 ஓகஸ்டில் அறிவித்து, நவம்பர் 10 முதல் உலகெங்கும் விரித்தது. ‘உலகெங்கும்’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு விதிவிலக்கு இருந்தது: ஆசியா நீங்கலாக. தொடங்கிய மொழி அங்கும் ஆங்கிலமே. கோடிக்கணக்கில் விளையாடுவோர் இருக்கும் கண்டத்துக்குப் பாதுகாப்பு கடைசியாகத்தான் வருகிறது.

தமிழுக்குள் ஏன் தடுமாறுகிறது?

‘தமிழ்த் தூசணங்களையும் பட்டியலில் சேர்த்துவிட்டால் சரிதானே’ என்று தோன்றலாம். அது அவ்வளவு இலகுவல்ல. முதலாவது காரணம் எழுத்து. எங்களது பிள்ளைகள் விளையாட்டுக்குள் தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதுவது குறைவு. ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். ‘த’வுக்கு ஒருவர் ‘டி’ மட்டும் போடுவார், இன்னொருவர் ‘எச்’ சேர்ப்பார். ‘ட’வுக்கு ஒருவர் ‘டி’, இன்னொருவர் ‘டீ’. யாழ்ப்பாணத்தார் எழுதும் முறை வேறு, மதுரைக்காரர் எழுதும் முறை வேறு. ஒரே தூசணத்துக்குப் பத்து உருவங்கள். நடுவில் ஒரு புள்ளியோ எண்ணோ போட்டால் பதினோராவது உருவம்.

இரண்டாவது காரணம் இலக்கணம். தமிழில் ஒரு சொல் தனியாக நிற்பதில்லை. வேற்றுமை உருபும் விகுதியும் சேர்ந்து உருமாறிக்கொண்டே இருக்கும். ‘நாய்’ என்பதை வசையாகக் கருதித் தடுக்க நினைத்தால், ‘நாயே’, ‘நாயை’, ‘நாயின்’ எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும். அதற்காகப் புள்ளியை விட்டுவிட்டு ‘நாய’ என்ற அடியை வைத்துத் தேடினால் விநாயகர் மாட்டிக்கொள்வார். நாயன்மார் அறுபத்து மூவரும் மாட்டிக்கொள்வார்கள். முல்லைத்தீவின் நாயாறு மாட்டிக்கொள்ளும். ஜனநாயகமும் தப்பாது.

மூன்றாவது காரணம் உறவு. ‘எருமை’, ‘சனியன்’, ‘மூதேவி’ ஆகியவை அம்மா மகனைக் கொஞ்சும்போதும் வரும், பக்கத்து வீட்டாரோடு சண்டை பிடிக்கும்போதும் வரும். பத்து வருடச் சிநேகிதர்கள் இருவர் பேசிக்கொள்ளும் தூசணத்துக்கும், முகம் தெரியாத ஒருவன் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் காதில் சொல்லும் அதே தூசணத்துக்கும் இடையில் உள்ள தூரம் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இந்த மூன்றையும் காலமும் பணமும் செலவழித்தால் ஓரளவு சரிசெய்யலாம். நான்காவது ஒன்று இருக்கிறது. வன்னியைப் பொறுத்தவரை அதுவே முக்கியமானது.

சுத்தமான சொற்களால் செய்யப்பட்ட வசைகள்

‘தோட்டம்’ நல்ல சொல். ‘காடு’ நல்ல சொல். இரண்டையும் சேர்த்து ‘தோட்டக்காட்டான்’ என்றால் மலையகத் தமிழரை இழிவு செய்யும் வசை. 1958, 1977, 1983 என்று தெற்கிலும் மலையகத்திலும் வன்முறை வந்த ஒவ்வொரு தடவையும் அம்மக்கள் வன்னிக்கு வந்தார்கள். காந்தியம் அமைப்பு வவுனியாவில் அவர்களைக் குடியேற்றியது. கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற கிராமங்கள் அவர்களது உழைப்பில் எழுந்தவை. காணி உரிமையிலும் குடிநீரிலும் இன்றைக்கும் பின்தள்ளப்பட்டிருக்கும் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் அதே விளையாட்டில்தான் இருக்கிறார்கள். அந்தச் சொல்லும் அங்கே இருக்கிறது. அதை எந்த வடிகட்டி தடுக்கும்? ‘கள்ளத்தோணி’யும் அப்படியே. அகராதிக்கு அது ஒரு படகு மட்டும்.

‘தொப்பி’ ஒரு உடைமை. ‘பிரட்டி’ என்ற சொல்லோடு சேர்த்தால் முஸ்லிம்களை நம்பிக்கைத் துரோகிகளாகச் சித்திரிக்கும் வசை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முஸ்லிம்களும் அடங்குவர். திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று அந்தச் சொல்லை ஒலிவாங்கியில் கேட்டால், அது பிறப்பதற்கு முன் நடந்த வெளியேற்றம் அந்த அறைக்குள் மீண்டும் நடக்கிறது.

‘நொண்டி’ என்பது விளையாட்டில் திறமையில்லாதவனைக் கேலி செய்யும் சொல்லாகிவிட்டது. கண்ணிவெடியிலும் எறிகணையிலும் கால் இழந்த தகப்பனோ மாமாவோ அதே முற்றத்தில் உட்கார்ந்திருக்கக்கூடிய ஊர் இது.

எல்லாவற்றுக்கும் மேலாக ‘துரோகி’. அணியை விட்டு நடுவில் விலகியவனுக்கு, தவறுதலாகத் தன் ஆளையே சுட்டவனுக்கு, எதிரணிக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்தவனுக்குப் போகிற போக்கில் வீசப்படும் சொல் இது. தமிழ்நாட்டுச் சினிமா கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் எடை குறைவு. ஆனால் 1975 ஜூலை 27ஆம் திகதி யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டதற்குப் பின்வந்த பல பத்தாண்டுகளில், இந்தச் சொல் ஒட்டப்பட்ட பலர் உயிரோடு இருக்கவில்லை. அரசியல்வாதிகள், கல்விமான்கள், மாற்று இயக்கத்தவர்கள், பெயர் தெரியாத சாதாரண மனிதர்கள். வன்னியில் எத்தனையோ குடும்பங்கள் அந்தச் சொல்லைக் கேட்டதும் இன்றும் பேச்சை நிறுத்திக்கொள்ளும். இயந்திரத்துக்கு அது தூசணம் அல்ல. பட்டியலில் அது இல்லை. இனியும் இருக்காது, இருக்கவும் கூடாது. வரலாற்றைப் பேசவும் அந்தச் சொல் எங்களுக்குத் தேவை.

கெட்ட வார்த்தை வேறு, கெடுதல் செய்யும் வார்த்தை வேறு. சொல்வடிகட்டி முதலாவதைத் தேடும் கருவி. இரண்டாவதைத் தேட அதற்கு வழியே இல்லை. ஏனென்றால் கெடுதல் சொல்லுக்குள் இருப்பதில்லை. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையில், அவர்கள் வாழும் ஊரின் நினைவுக்குள் இருக்கிறது.

புலி: நீக்கப்படும் சொல்லும் வீசப்படும் சொல்லும்

சமூக ஊடகங்களில் இதே பாடத்தை வன்னி ஏற்கனவே படித்திருக்கிறது. தமிழீழ விடுதலைப் புலிகள் அமைப்பை அமெரிக்கா 1997இல் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. 2021 ஒக்டோபரில் ‘த இன்டர்செப்ட்’ வெளியிட்ட, பேஸ்புக்கின் ‘ஆபத்தான தனிநபர்கள், அமைப்புகள்’ பட்டியலிலும் அந்தப் பெயர் இருந்தது. மே 18ஐயும் நவம்பர் 27ஐயும் ஒட்டி, இறந்த பிள்ளையின் படத்தையோ நினைவுச்சுடரின் படத்தையோ பகிர்ந்ததற்காகப் பதிவுகள் நீக்கப்பட்டன, கணக்குகள் முடக்கப்பட்டன என்று பயனர்களும் தமிழ் ஊடகங்களும் பலமுறை முறையிட்டிருக்கின்றனர். அழும் தாயையும் ஆள்சேர்ப்பவரையும் அந்த வடிகட்டி பிரித்தறியவில்லை.

மறுபுறம், ‘கொட்டியா’ என்ற சிங்களச் சொல் விலங்கைக் குறிக்கும் சாதாரணச் சொல். தமிழர் ஒருவரைப் பார்த்துச் சொன்னால் வசை. பன்மையில் ‘கொட்டி’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால், கோடியைக் குறிக்கும் சிங்களச் சொல்லும் அதே உருவத்தில் வரும். விளையாட்டின் நடுவே தமிழ்ப் பெயரைக் கண்டதும் ஒருவர் அந்தச் சொல்லை வீசினால், அது விலங்கா, எண்ணா, வசையா என்று இயந்திரம் எப்படிச் சொல்லும்? தமிழரின் நினைவில் இருக்கும் புலி நீக்கப்படுகிறது. தமிழர் மீது எறியப்படும் புலி நிற்கிறது.

மொழி தெரியாமல் மட்டுறுத்துவதன் விலையை இந்த நாடு 2018 மார்ச்சில் கண்டது. கண்டி மாவட்டம் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது, பேஸ்புக்கில் சிங்களத்தில் பரவிய வெறுப்புப் பேச்சு முறையிடப்பட்டும் நீக்கப்படவில்லை. அரசு சமூக ஊடகங்களையே முடக்கியது. ‘ஆர்ட்டிகிள் வன்’ என்ற ஆலோசனை நிறுவனம் செய்த மனித உரிமை மதிப்பீடு 2020 மேயில் வெளியானபோது பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. விளையாட்டு நிறுவனங்களுக்கு அப்படி ஒரு மதிப்பீடு இலங்கையில் கேட்கப்படவில்லை. விளையாட்டை விளையாட்டாகவே பார்க்கும் பழக்கம் அரசுக்கும் இருக்கிறது, சிவில் சமூகத்துக்கும் இருக்கிறது.

அரசிடம் பட்டியலைக் கொடுக்கலாமா?

நிறுவனங்கள் கவனிக்கவில்லை என்றால் சட்டம் கவனிக்கட்டும் என்பது ஒரு பதில். 2024 ஜனவரி 24ஆம் திகதி பாராளுமன்றத்தில் 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறி, பெப்ரவரி 1ஆம் திகதி சபாநாயகரால் சான்றுப்படுத்தப்பட்ட 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அந்தப் பதிலின் வடிவம். சிறுவர்களையும் பெண்களையும் காப்பதற்கென்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது. ஆனால் எது பொய்யான கூற்று, எது தடைசெய்யப்பட்ட கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவுக்குக் கொடுப்பதே அதன் மையம்.

வன்னியில் இந்தப் பதிலை நம்புவது கடினம். 2024 நவம்பர் மாவீரர் நாளை ஒட்டிய சமூக ஊடகப் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுகள் நடந்தன. சூழலைப் பார்க்காமல் சொல்லையும் படத்தையும் மட்டும் பார்ப்பதில் அரசின் வடிகட்டி நிறுவனத்தின் வடிகட்டியிலிருந்து வேறானதல்ல. நிறுவனம் கணக்கை முடக்கும், அரசு ஆளை முடக்கும் என்பதே வித்தியாசம். விளையாட்டில் வசைபட்ட பிள்ளையைக் காக்கவென்று கொடுக்கும் அதிகாரம், அதே பிள்ளை விளையாட்டுக் கணக்குக்கு வைத்த பெயரை விசாரிக்கவும் போதுமானது.

செய்யக்கூடியவை

விளையாட்டு நிறுவனங்களின் அனுபவத்திலேயே சில வழிகள் இருக்கின்றன. ரயட் கேம்ஸ் 2011இல் ‘லீக் ஒப் லெஜன்ட்ஸ்’ விளையாட்டில் ஒரு நடுவர் மன்றத்தைத் தொடங்கியது. முறையிடப்பட்ட உரையாடல்களை விளையாடுபவர்களே வாசித்து, தண்டனையா மன்னிப்பா என்று வாக்களிப்பார்கள். வேகம் போதாமல் 2014இல் அது நிறுத்தப்பட்டது. ஆனாலும் சொல்லின் பொருளை அந்தச் சமூகமே தீர்மானிக்கலாம் என்பதை அது காட்டியது. அதே நிறுவனம், எதிரணியோடு பேசும் வசதியை ஆரம்பத்தில் மூடி வைத்து, விரும்பியவர் திறந்துகொள்ளலாம் என்று மாற்றிப் பார்த்தது. பேசுவது நிற்கவில்லை. வசை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒரு சொல்லைக்கூடத் தடைசெய்யாமல் கிடைத்த பலன் அது. வசைபாடுவோரில் பெரும்பாலானோர் நிரந்தரக் குழப்படிக்காரர்கள் அல்ல, கோபம் தலைக்கேறிய சாதாரண ஆட்கள் என்றும் அவர்களது ஆய்வாளர்கள் கண்டார்கள். கதவைத் திறக்க ஒரு கணம் பிடித்தால், அந்த ஒரு கணத்தில் பாதிக் கோபம் தணிந்துவிடும்.

வன்னி இளைஞர்கள் செயலிக்கு வெளியே டிஸ்கோர்டிலும் வட்ஸ்அப்பிலும் நடத்தும் குழுக்களில் இதை இன்றைக்கே தொடங்கலாம். டிஸ்கோர்டில் குழுவை நடத்துபவர் தன் சொந்தத் தடைச்சொற் பட்டியலை வைத்துக்கொள்ளும் வசதி 2022 முதல் இருக்கிறது. அதில் ‘தோட்டக்காட்டான்’ இருக்கலாம், தனுஷன் இல்லாமல் இருக்கலாம். அதைவிடப் பயன் தருவது, பட்டியலுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பது. ஒரு பெண்பிள்ளை ஒலிவாங்கியைத் திறந்ததும் குரலைக் கேட்டுக் கேலி தொடங்கினால், ‘தம்பி, இங்கே அந்தக் கதை வேண்டாம்’ என்று சொல்லும் ஒரு அண்ணன் அல்லது அக்கா. பெண்கள் ஆண் பெயரில் ஒளிந்து, குரலை மூடிக்கொண்டு விளையாட வேண்டிய நிலையை உலகின் எந்த வடிகட்டியும் மாற்றவில்லை. பக்கத்தில் இருப்பவர் வாய்திறந்தால் மாறும்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு. போனைப் பறிப்பது முதல் வேலை என்றால், அடுத்த தடவை நடந்ததைப் பிள்ளை சொல்லாது. என்ன சொன்னார்கள், யார் சொன்னார்கள் என்று கேட்டு, திரையைப் படம்பிடித்து வைப்பது முதல் வேலை. மிரட்டலோ பாலியல் தொந்தரவோ என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இருக்கிறது. பெண்களுக்கு 1938. தகவல் தொழினுட்பப் பாடத்தில் விசைப்பலகையைக் கற்பிக்கும் ஆசிரியர், முறையிடும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதையும் கற்பிக்கலாம்.

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், பெரிய தளங்கள் ஒவ்வொரு ஐரோப்பிய அலுவல் மொழிக்கும் எத்தனை மட்டுறுத்துநர்களை வைத்திருக்கின்றன என்று வெளியிடச் சொல்கிறது. அதே கேள்வியைத் தமிழுக்கும் சிங்களத்துக்கும் இலங்கை கேட்கலாம். அதற்குத் தண்டனைச் சட்டம் தேவையில்லை. தமிழ் தெரிந்தவர் எத்தனை பேர், அவர்களில் இலங்கைத் தமிழ் தெரிந்தவர் எத்தனை பேர், தடைக்கு எதிரான முறைப்பாட்டைத் தமிழில் எழுதலாமா, எத்தனை நாளில் பதில் வரும்? இந்த நான்குக்கும் விடை கிடைத்தால், பெயருக்காகத் தடுக்கப்படும் தனுஷனுக்கு ஒரு வழி திறக்கும்.

ஆனால் ‘துரோகி’ என்ற சொல்லுக்கு எந்த நிறுவனத்திடமும் விடை இல்லை. அந்தச் சொல்லின் எடையை அடுத்த தலைமுறைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களில் பலர் அதை நினைத்துப் பார்க்கவே அஞ்சுகிறார்கள். பிள்ளைகள் அதைச் சினிமாவில் எடுத்து விளையாட்டில் எறிகிறார்கள். அதை நிறுத்துவதற்கான வேலை சிங்கப்பூரிலோ கலிபோர்னியாவிலோ இருக்கும் ஒரு கணினியில் நடக்கப்போவதில்லை. நாங்கள் எங்கள் வீடுகளில் பேசாமல் விட்டதைப் பேசத் தொடங்கும் அளவுக்குத்தான் அது நடக்கும்.